வொர்க்2 விமர்சனம்: சர்வர் உறங்கும்போது தானும் உறங்காத கருவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு சர்வர்களில் எது தேவலை என்று ஒப்பிடப் போகிறீர்கள், அந்த சர்வரின் மறுமுனையில் ஒரு மனிதர் திரையைப் பார்த்தபடி காத்திருக்கிறார் என்றால், சர்வருக்கு ரிக்வெஸ்டுகளை (கோரிக்கைகளை) அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் வொர்க்2 என்ற இந்தக் கருவி உங்களுக்கானது. அப்படி யாரும் காத்திருக்கவில்லை, இரவு முழுக்க ஓடி விடிவதற்குள் முடிந்தால் போதும் என்கிற பேட்ச் வேலை என்றால், இந்தக் கருவியைத் தேடிப் போக வேண்டாம். மொத்த வேலையும் எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்ற ஒரே எண் அதற்குப் போதும். இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் எங்கள் தொழிலில் 'எது வேகம்' சண்டைகள் முடிவதே இல்லை.

மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஒரு ஏபிஐ சேவையின் பழைய வடிவத்தையும் புதிதாக எழுதியதையும் அடுத்தடுத்து ஓட்டி, மாறலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலையில் அடிக்கடி வருவது. அதற்காகப் பல கருவிகளைப் புழங்கியிருக்கிறேன். கையில் நின்றது இதுதான். ஆனால் குறை நிறைய உண்டு, அதையும் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வரி. ஆங்கிலத்தில் டபிள்யூ, ஆர், கே என்ற மூன்றெழுத்தும் ஒரு இரண்டும்தான். வில் குளோசர் எழுதிய வொர்க் என்ற கருவியை எடுத்து, அசுல் சிஸ்டம்ஸ் என்ற ஜாவா மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான கில் டெனே மாற்றியமைத்தது இது. சோர்ஸ் கோடு திறந்தே கிடக்கிறது, காசு கிடையாது. பில்ட் செய்தால் உருவாகும் கமாண்டின் பெயரும் வொர்க் என்றே இருக்கும், இரண்டு என்ற எண் வராது. இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் எதை ஓட்டுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மூலத்தில் இல்லாத எது இதில் இருக்கிறது? அதைச் சொல்லப் பழைய கருவிகள் அளக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்பாச்சி வெப் சர்வரோடு சேர்ந்தே வரும் ஏபி ஆகட்டும், வொர்க் ஆகட்டும், ஓர் இணைப்பைத் திறந்து ஒரு ரிக்வெஸ்டை அனுப்பும். பதில் வரும்வரை அந்த இணைப்பில் வேறெதுவும் செய்யாது. பதில் வந்த பிறகே அடுத்தது. இதை குளோஸ்டு லூப் என்கிறார்கள். ஆகவே சர்வர் மெதுவானால் கருவியும் மெதுவாகிவிடும். சர்வர் சற்று நின்றுபோனால் கருவியும் கைகட்டி நிற்கும். நிஜத்தில் வருகிற ஆட்கள் அப்படியா? உள்ளே திணறல் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருப்பார்கள்.

இது சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தலை சுற்றும். ஒரு சேவைக்கு விநாடிக்கு 100 ரிக்வெஸ்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிவிநாடியில் பதில். 100 விநாடி சோதனையில் நடுவே 10 விநாடி சர்வர் அப்படியே உறைந்துவிடுகிறது, அப்புறம் பழையபடி ஓடுகிறது. ஒரே இணைப்பை வைத்து, விநாடிக்கு 100-க்கு மிகாமல், பதில் வந்தபின் அடுத்ததை அனுப்பும் கருவி எதைப் பதிவு செய்யும்? 1 மில்லிவிநாடிப் பதில்கள் 9,000, 10 விநாடிப் பதில் ஒன்றே ஒன்று. சராசரி 2.1 மில்லிவிநாடி. 99.9-ஆவது பெர்சென்டைல், அதாவது ஆயிரத்தில் 999 பேர் எந்த நேரத்துக்குள் பதில் பெற்றார்கள் என்ற எண், 1 மில்லிவிநாடி. அறிக்கையைப் பார்க்கிறவர் கைதட்டுவார்.

உண்மையில் நடந்தது வேறு. உறைந்திருந்த 10 விநாடியில் வந்திருக்க வேண்டியவர்கள் 1,000 பேர். முதலில் வந்தவர் 10 விநாடி காத்திருப்பார், கடைசியில் வந்தவர் கிட்டத்தட்டக் காத்திருக்கவே மாட்டார், சராசரியாக 5 விநாடி. மொத்தம் 10,000 பேரையும் சேர்த்தால் சராசரி அரை விநாடி. 95-ஆவது பெர்சென்டைல் 5 விநாடி, 99-ஆவது 9 விநாடி. அதே சர்வர், அதே 100 விநாடி. ஒரு கருவி 1 மில்லிவிநாடி என்கிறது, இன்னொன்று 9 விநாடி என்கிறது. இணைப்புகளை ஐம்பதாகக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஒன்றுக்குப் பதில் ஐம்பது மோசமான பதில்கள் கண்ணில் படும். ஆயிரமும் படாது.

இந்தப் பிழைக்கு கில் டெனே வைத்த பெயர் கோஆர்டினேட்டட் ஒமிஷன். அளப்பவரும் அளக்கப்படுபவரும் பேசிவைத்தது போல, கெட்ட நேரத்தை மட்டும் குறிக்காமல் விட்டுவிடுவது. இதில் எரிச்சலூட்டும் விஷயம், அடிக்கடி நின்று நின்று ஓடும் சர்வருக்குத்தான் இது அதிகம் சாதகம். ஒரே சீராக 3 மில்லிவிநாடியில் பதில் தரும் நல்ல சேவையும், 1 மில்லிவிநாடியில் பதில் தந்துவிட்டு, பயன்படாத மெமரியைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் வரும்போதெல்லாம் மூச்சடைத்து நிற்கும் சேவையும் மோதினால், பழைய முறையில் இரண்டாவதுதான் ஜெயிக்கும். அதாவது பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுவதில்லை. ஒப்பீட்டின் முடிவையே தலைகீழாக்கிவிடும்.

வொர்க்2 செய்வது எளிய காரியம். ஆர் என்ற ஆப்ஷனில், விநாடிக்கு இத்தனை ரிக்வெஸ்ட் என்று நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஓடாது. (எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து மொத்த எண் அது. இணைப்புக்கு இத்தனை என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.) அந்த வேகத்தில் எந்த ரிக்வெஸ்ட் எப்போது போயிருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. சர்வர் திணறியதால் தாமதமாக அனுப்ப நேர்ந்தாலும், காத்திருப்பை எண்ணுவது போயிருக்க வேண்டிய நேரத்திலிருந்து. அவ்வளவுதான் மாற்றம். யூ என்ற இன்னொரு ஆப்ஷனைச் சேர்த்தால், திருத்தாத பழைய கணக்கையும் கூடவே அச்சிடும். கூட்டங்களில் எனக்கு மிகவும் உதவுவது இதுதான். வாதம் செய்ய வேண்டாம், இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் போதும்.

த்ரூபுட், அதாவது விநாடிக்கு எத்தனை பதில் என்ற எண்ணை வைத்துத்தான் ஒப்பிடுவேன் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்றே பதில். ஒரு நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகிற வேகத்தை ஒருவர் தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. குளோஸ்டு லூப்பில் உள்ளே இருப்பவர்கள் எத்தனை என்பதை நீங்களே நிர்ணயித்துவிடுகிறீர்கள். 100 இணைப்பு, சராசரித் தாமதம் 20 மில்லிவிநாடி என்றால், த்ரூபுட் 5,000 தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. வொர்க் காட்டும் சராசரியும் த்ரூபுட்டும் இரண்டு சாட்சிகள் போலத் தெரியும். பேசுவது ஒரே ஆள்தான். 2006-இல் பியாங்கா ஷ்ரோடர், ஆடம் வீர்மன், மோர் ஹார்கோல்-பால்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஓபன் (பதிலுக்குக் காத்திராமல் வருகை தொடர்வது), குளோஸ்டு இரண்டு முறைகளிலும் ஒரே சர்வரை அளந்தால் முடிவுகள் எவ்வளவு தூரம் விலகும் என்று விரிவாகவே எழுதினார்கள். அதற்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை.

எந்த வேகத்தில் ஓட்டுவது? வொர்க்2 உங்கள் தலையில் கட்டும் பொறுப்பு இது. பொறுப்பைக் கட்டுவதையே நான் நல்ல குணமாகப் பார்க்கிறேன். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய வடிவத்தில், ஒரே ஆள் வேலை செய்கிறார், ரிக்வெஸ்டுகள் தற்செயலாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் தற்செயலாக மாறுகிறது என்று கொண்டால், சர்வர் 50 சதவீதம் வேலையாக இருக்கும்போது ஆகும் மொத்த நேரம் வெறும் வேலை நேரத்தைப் போல் 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90-இல் 10, 95-இல் 20. நிஜ சர்வர்கள் இந்தச் சூத்திரத்தை அப்படியே பின்பற்றாது, ஆனாலும் வளைவின் போக்கு இதுதான். ஆகவே முழுக் கொதிநிலையில் அளந்த தாமதம் எந்த சர்வருக்கும் அழகாக இருக்காது, ஒப்பிடவும் உதவாது. உங்கள் சேவைக்கு உச்ச நேரத்தில் வரும் வேகம் எவ்வளவு என்று சர்வரின் லாக்கில் (பதிவேட்டில்) பாருங்கள். அந்த வேகத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சேவைகளையும் ஓட்டுங்கள். ஒன்றின் தாமதக் கோடு ஓரிடத்தில் திடீரென மேல்நோக்கி மடங்கும், மற்றொன்று இன்னும் தள்ளிப்போய் மடங்கும். என் அனுபவத்தில் முடிவெடுக்க உதவுவது அந்த மடங்கும் இடம்தான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் தவறாமல் விழுவார்கள். சர்வரால் விநாடிக்கு 1,500 மட்டுமே முடியும், நீங்கள் 2,000 கேட்டுவிட்டீர்கள். 60 விநாடி ஓட்டினால் 90,000 பதில்கள் வரும். அந்தக் கடைசிப் பதில் 45-ஆவது விநாடியிலேயே அனுப்பியிருக்க வேண்டிய ரிக்வெஸ்டுக்கு உரியது. எனவே அதிகபட்சத் தாமதம் 15 விநாடி என்று காட்டும். அதையே 120 விநாடி ஓட்டினால் 30 விநாடி. சர்வர் அதே சர்வர்தான். தேங்கிய வரிசை வளர வளர எண்ணும் வளர்கிறது. இப்படிக் கிடைத்த 15-ஐயும் வேறொரு சர்வரின் 11-ஐயும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அறிக்கையின் கடைசியில், உண்மையில் எட்டிய வேகம் எவ்வளவு என்று ஒரு வரி வரும். அது நீங்கள் கேட்டதைவிடக் குறிப்பிடும்படி குறைவாக இருந்தால், மேலே உள்ள தாமத எண்கள் எதையும் எடுத்து எழுதாதீர்கள். 'தாங்கவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். சில சமயம் தாங்காதது சர்வராக இராது, வொர்க்2 ஓடும் இயந்திரமாகவே இருக்கும். அதன் சிபியுவையும் ஒரு கண் பாருங்கள். சர்வரையும் கருவியையும் ஒரே இயந்திரத்தில் ஓட்டவே கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அறிக்கையின் வடிவம் எனக்குப் பிடிக்கும். எல் ஆப்ஷன் கொடுத்தால் 50, 75, 90, 99, 99.9 என்று தொடங்கி 99.999, 100 வரை போய், அதற்குக் கீழே முழு விவரப் பட்டியலும் வரும். உள்ளே ஓடுவது, எந்தத் தாமதம் எத்தனை முறை வந்தது என்று எண்ணிவைக்கும் எச்டிஆர் ஹிஸ்டோகிராம், கில் டெனேவின் இன்னொரு கைவேலை. மைக்ரோவிநாடியையும் நிமிடத்தையும் ஒரே அளவு துல்லியத்தோடு, மெமரி பெருகாமல் பதிந்துகொள்ளும். 99-ஆவதெல்லாம் அபூர்வமானவர்களின் பிரச்சினை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பக்கம் திறக்க 40 ரிக்வெஸ்ட் போகிறது, ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஒரு முறை தாமதமாகும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், பக்கம் திறப்பவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் ஒரு தாமதத்தையாவது சந்திப்பார்கள். மூன்றில் ஒருவர் எப்படி அபூர்வமானவர்?

ஆனால் 99.999 என்ற வரியை எப்போதும் அச்சிடுவது எனக்குப் பிடிக்காது. விநாடிக்கு 2,000 வீதம் 30 விநாடி ஓட்டினால் கிடைப்பது 60,000 பதில்கள். அதில் லட்சத்தில் ஒருவர் என்பதற்கு ஒரு முழு ஆள்கூட இல்லை. அந்த வரியில் இருப்பது வெறும் அதிகபட்சம், வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. மேலே நல்ல ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கும் பெர்சென்டைலை மட்டும் நம்புங்கள். கருவியே இந்த எச்சரிக்கையைக் கொடுத்திருக்கலாம்.

பிழைப் பதில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கைவிரிக்கும் சர்வர்தான் மிக வேகமான சர்வர். 503, அதாவது 'இப்போது முடியாது' என்று திருப்பியனுப்ப டேட்டாபேஸைத் தொடவே வேண்டாமே. வொர்க்2 இந்தப் பதில்களையும் தாமதக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அடியில், 2xx (வெற்றி), 3xx (வேறிடம் போகச் சொல்வது) எண்கள் அல்லாத பதில்கள் இத்தனை என்று ஒரு வரி மட்டும் வரும், அதுவும் அப்படி ஏதாவது இருந்தால்தான். தாமத எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வரியைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டு. சரியான பதில்களை மட்டும் தனியாக எண்ணித் தர ஏற்பாடு இல்லாதது பெரிய குறை. ஏபியின் கோளாறு இதற்கு நேர் எதிர். முதல் பதிலின் நீளத்திலிருந்து ஒரு பைட் மாறினாலும் தோல்வி என்று எண்ணிவிடும், அதன் சிறிய எழுத்து எல் ஆப்ஷனைக் கொடுத்தால்தான் சமாதானமாகும்.

இன்னும் குறைகள். வெப் நெறிமுறையின் பழைய வடிவமான எச்டிடிபி 1.1 மட்டும்தான் பேசும். பல வருடங்களாகப் புதிய வேலை எதுவும் நடக்காத கோடு. லுவா மொழி ஸ்கிரிப்டுகளை ஓட்டக் கூடவே வரும் லுவாஜிட் பழையது என்பதால் ஆர்ம் புராசசர் இயந்திரங்களில் பில்ட் செய்ய மெனக்கெட வேண்டியிருக்கும். தொடக்கத்தில் 10 விநாடி தன்னைச் சீர்படுத்திக்கொள்ள எடுத்துக்கொள்கிறது, ஆகவே 20 விநாடிக்கும் குறைவான சோதனை வீண். நான் நிமிடக்கணக்கில்தான் ஓட்டுவேன். ஜாவா போன்றவற்றில் ஜிட் (ஓடும்போதே கோடை வேகப்படுத்தும் கம்பைலர்) சூடாகவும் அவ்வளவு நேரம் வேண்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஆழமான குறை வேறு. வெளியே நிலையான வேகம் என்று பெயர் இருந்தாலும், ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்தான் போகிறது. சர்வர் உறையும்போது தேங்கும் வரிசை கருவியின் கணக்குப் புத்தகத்தில் தேங்குகிறது, சர்வரின் வாசலில் தேங்குவதில்லை. 100 இணைப்பு கொடுத்தால் சர்வர் ஒரு நேரத்தில் 100-க்கு மேல் பார்க்கவே போவதில்லை. நிஜத்தில் ஆயிரம் பேர் மொத்தமாக வந்து முட்டும்போது மெமரி நிரம்பி விழும் சர்வர், இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். அதோடு ரிக்வெஸ்டுகளைச் சம இடைவெளியில் அனுப்புகிறது. மனிதர்கள் கும்பலாக வருவார்கள், பிறகு ஆளரவமே இருக்காது. ஆகவே வொர்க்2 தரும் எண், காத்திருப்பைச் சரியாக எண்ணிய எண். கூட்டநெரிசலை முழுவதும் நடித்துக்காட்டிய எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்காகவே இணைப்புகளைத் தேவைக்கு மேல் தாராளமாகக் கொடுப்பேன்.

பல இயந்திரங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் இது கைகொடுக்காது. மூன்று இயந்திரங்களின் 99-ஆவது பெர்சென்டைல்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது எதற்குமான பெர்சென்டைல் அல்ல. ஹிஸ்டோகிராம்களை அப்படியே கூட்டலாம், ஆனால் இது அச்சிடுவது வெறும் எழுத்துப் பட்டியல், எளிதில் கூட்ட வழியில்லை. இதே கோளாறைக் கண்காணிப்பு டாஷ்போர்டுகளிலும் பார்க்கிறேன்: நிமிடத்துக்கு நிமிடம் எடுத்த 99-ஆவதைச் சராசரியாக்கி 'இன்றைய 99' என்று ஒரு பெரிய எண்.

இனி, இரண்டு சேவைகளின் தாமதக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழையது 50-ஆவதில் முந்துகிறது, புதியது 99-ஆவதில் முந்துகிறது. இரண்டையும் ஒரு மதிப்பெண்ணாகக் குழைத்துத் தரச்சொல்லி நச்சரிப்பார்கள். நான் குழைப்பதில்லை. இத்தனை மில்லிவிநாடிக்குள் பதில் வந்தாக வேண்டும் என்ற எல்லையை முன்கூட்டியே, சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே, சேவையின் சொந்தக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பிறகு கேள்வி சுருங்கிவிடும்: நூற்றுக்கு எத்தனை பதில் அந்த எல்லைக்குள், பிழையில்லாமல் வருகிறது, எந்த வேகம் வரை வருகிறது. முழு விவரப் பட்டியலிலிருந்து அதைப் படித்துவிடலாம், பிழைகளை மட்டும் கையால் கழிக்க வேண்டும். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுவேன். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் ஓட்டினால் நெட்வொர்க்கில் வேறு யாரோ செய்த வேலையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எச்டிடிபி 2 வேண்டும், பல படிகள் கொண்ட லாகின், வணிகக்கூடை மாதிரியான ஓட்டம் வேண்டும் என்றால் கே6 என்ற கருவியின் பக்கம் போங்கள். அதிலும் மாறாத வருகை வேகம் என்ற எக்ஸிக்யூட்டரைத் (ஓட்டும் முறையைத்) தேர்ந்தெடுத்தால்தான் பயன். வெறுமனே இத்தனை பேர் என்று கொடுத்தால் அதுவும் பழைய குளோஸ்டு லூப்தான். அந்த முறையில் ஓட்டும்போது கைவிடப்பட்ட சுற்றுகள் எத்தனை என்று ஒரு கணக்கு காட்டும், அது பூஜ்யமா என்று பாருங்கள். கோ மொழியில் எழுதிய வெஜிட்டா என்ற கருவியும் நிலையான வேகத்தில் அடிப்பதுதான், நிறுவுவது வொர்க்2-ஐ விடப் பல மடங்கு சுலபம். ஒரே யூஆர்எல், எச்டிடிபி 1.1, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அளவில் என்றால் நான் இன்னும் வொர்க்2-ஐத்தான் ஓட்டுகிறேன், யூ ஆப்ஷனோடு.